ஏப்ரல் தண்ணீர்

போன வருடம் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் புற ஊதாக் கதிர் விளக்குகள் வைப்பதற்கான திட்ட அறிக்கையைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நம்ம குமரி மாவட்டத்து நிலையம்தான். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தேவையில்லாத தலைவலி. அறிக்கையில் படம், அட்டவணை, விலைப்பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பதினோராவது பக்கத்தில், நீரின் தன்மை என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி: புற ஊதா ஊடுருவல் 93 சதவீதம். பக்கத்திலேயே மாதிரி எடுத்த தேதி. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள். படித்தேன், எண் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன், ‘ஏற்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் தக்கலையில் அம்மா வீட்டில் இருந்தேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அன்றைக்குத்தான் பிடித்தது. ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் தூக்கம் கலைந்தது. மேலே கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் எப்படிப் பெய்துகொண்டிருக்கும் என்று யோசித்தபடி படுத்திருந்தபோது அந்தத் தேதி ஞாபகத்துக்கு வந்தது. ஏப்ரல். மழைக்கு முன்னால் அணை தெளிந்து கிடக்கும் மாதம். வருடத்திலேயே தண்ணீர் நல்ல பிள்ளையாக இருக்கிற நாளில் ஒரு பாட்டில் பிடித்து, அதை வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் விளக்கு வாங்கப் போகிறோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தண்ணீருக்குள் 254 நானோமீட்டர் அலைநீள ஒளியை விட்டால் எத்தனை சதவீதம் அந்தப் பக்கம் வந்து சேருகிறது என்பதுதான் ஊடுருவல். கிருமியின் மரபணுவைச் சிதைத்து அது பெருகாமல் செய்கிற ஒளி இதுதான். 93 என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் 7 சதவீதம் போய்விடுகிறது. 78 என்றால் 22 சதவீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் இந்த இழப்பு வட்டிக்கு வட்டி போல ஏறும். விளக்கிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிற கிருமிக்கு, 93-இல் கிட்டத்தட்ட 70 சதவீத ஒளி போய்ச் சேரும். 78-இல் 29 சதவீதம்தான் சேரும். 10 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் ஒன்றில் 48, மற்றதில் 8. விளக்கு அதே விளக்கு, மின்சாரமும் அதே மின்சாரம்; தண்ணீர்தான் வேறு.

விளக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குளோரின் இருக்கிறதே, நூறு வருடமாக அதுதானே காப்பாற்றுகிறது? உண்மைதான், நானும் குளோரினை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு அடங்காத கிருமிகள் இருக்கின்றன. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டை, நாம் குடிநீரில் போடுகிற அளவுக் குளோரினில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் அது குழாய்த் தண்ணீர் வழியாகப் பரவி சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அங்கே வடிகட்டியும் இருந்தது, குளோரினும் இருந்தது. 1990களின் கடைசியில்தான் இந்த ஒட்டுண்ணி புற ஊதாக் கதிருக்கு எவ்வளவு சுலபமாக அடங்குகிறது என்று தெரிந்தது: சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் கதிர் ஆற்றல் பட்டாலே ஆயிரத்தில் 999 செயலிழந்துவிடும். பிரான்ஸின் மார்செய் நகரத்தில் 1910-லேயே முயன்று பார்த்து, விளக்குகளின் தொல்லை தாங்காமல் கைவிடப்பட்ட ஒரு முறை, இந்த ஒரு கண்டுபிடிப்பால் திரும்பி வந்தது. நியூயார்க் 2013-இல் 56 யு.வி. (புற ஊதா) கலன்களோடு, அதாவது உள்ளே விளக்கு பொருத்திய பெட்டிகளோடு, ஒரு பெரிய நிலையத்தையே திறந்தது. நம்ம மலையடிவாரத்தில் அணைக்கு மேலே ஆடு மாடு மேய்கிறது, காட்டு மிருகம் தண்ணீர் குடிக்கிறது, ஆள்கள் குளிக்கிறார்கள். அதனால் விளக்கு வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. எந்தத் தண்ணீருக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி.

கட்டன் நாள்

மறுநாள் காலையில் அலுவலகத்தில் சொல்லி, கையில் எடுத்துப் போகிற அளவிலான ஊடுருவல் மீட்டரை வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். மழை விட்டும் விடாமலும் பெய்தது. அங்கே ஆபரேட்டராக இருப்பவர் குலசேகரம் பக்கத்துக்காரர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. ஃபில்டர் ஹவுஸுக்குள் போனால் ஈரச் சுவர் வாசனையும் குளோரின் வாசனையும் கலந்து வரும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த வாசனை அது. அவர் வடிகட்டி வெளியேற்றக் குழாயில் இருந்த மாதிரிக் குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடி கிளாசில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். “நல்ல வெள்ளம் மேடம். கண்ணாடி போல இருக்குல்லா?” எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அப்படித்தான் இருந்தது. கலங்கல் மீட்டரில் 0.4 காட்டியது. இந்தியத் தர நிர்ணயம் 1-க்குள் இருக்கச் சொல்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் குவார்ட்ஸ் கிண்ணத்தை வெளியே எடுத்தேன். ஏன் சாதாரணக் கண்ணாடி ஆகாது என்று கேட்டார். 254 நானோமீட்டர் ஒளிக்குச் சாதாரணக் கண்ணாடி ஒரு சுவர், உள்ளே விடாது என்றேன். “அப்போ நமக்குக் கண்ணாடியா தெரியியது அதுக்குச் சுவரு” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாலை வடிநீரில் பூஜ்யம் வைத்து, கிண்ணத்தைத் துடைத்து, அந்தத் தெளிந்த தண்ணீரை ஊற்றி மூடினேன். 78. கிண்ணத்தில் விரல் ரேகை பட்டிருக்கும் என்று நினைத்துக் கழுவி மறுபடியும் வைத்தேன். 77. பூஜ்யத்தைத் திரும்பச் சரிபார்த்து மூன்றாம் முறை. 78.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். அலுவலகப் பதிவேடு வேறு. இது அவருடைய சொந்த நோட்டு. தேதி, எத்தனை மூட்டை ஆலம் (அழுக்கைத் திரட்டி அடியில் இறக்குகிற படிகாரம்), அதற்குப் பக்கத்தில் தண்ணீரின் நிறம். நிறத்துக்கு அவர் வைத்திருந்தது மூன்றே பெயர்கள். பச்சவெள்ளம், பால்சாயா, கட்டன். பச்சவெள்ளம் என்றால் தெளிவு. பால்சாயா என்றால் மண் கலங்கி வருவது. கட்டன் என்றால், நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், பால் ஊற்றாத சாயாவின் நிறம்; கலங்கல் இருக்காது, உள்ளே பார்க்கலாம், ஆனால் ஒரு பழுப்பு ஓடும். அன்றைய தேதிக்கு நேராகக் காலையிலேயே எழுதி வைத்திருந்தார்: கட்டன்.

“மக்களே, இது எலை ஊறின வெள்ளம். ரப்பர் எல மாசி வரைக்கும் கொட்டிக் கெடக்கும், வெயில்ல காயும், மொத மழையில எல்லாம் சாயா போட்டது மாதிரி எறங்கி வரும். இண்ணைக்கு எடுத்தா மெசின் இப்பிடித்தான் காணிக்கும். கண்ண நம்பாண்டாம்.”

இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். கரைந்த கரிமப் பொருள்கள் 254 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, கல்லூரிப் பாடத்திலேயே உண்டு. ஆனால் அதை நம்ம ரப்பர் தோட்டத்தோடும், மார்கழியிலிருந்து இலை உதிர்வதோடும், இடவப்பாதியின் முதல் மழையோடும் சேர்த்து எனக்குச் சொன்னவர் அவர்தான். பயப்பட வேண்டியது பால்சாயா நாளில் என்று நான் நினைத்திருந்தேன், பார்க்க அதுதானே மோசம். மண் கலங்கலை ஆலம் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிடும். இலைச்சாறு கரைந்து நிற்பது. வண்டலில் பாதி, வடிகட்டியில் பாதி என்று தப்பித்து, நம் கண்ணுக்குத் தெரியாமல் விளக்கு வரைக்கும் வந்துவிடும்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. ஆலம் எத்தனை மூட்டை என்பதைக் கலங்கல் மீட்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கட்டன் நாளில் கலங்கல் குறைவு. அதனால் அன்றைக்கு ஆலமும் குறைவு. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. எந்த நாளில் ஆலம் அதிகம் வேண்டுமோ அந்த நாளில்தான் மூட்டை குறைந்திருந்தது. யார் மேலும் தப்பு இல்லை. கையில் இருந்த மீட்டர் என்ன காட்டியதோ அதன்படி செய்தார்கள்.

ஆறு பீக்கர்

மத்தியானம் அங்கேயே, எவ்வளவு ஆலம் வேண்டும் என்று பார்க்கிற ஜார் டெஸ்ட் போட்டோம். ஆறு பீக்கரில் அன்றைய சுத்திகரிக்காத தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஆலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட. மூன்றாவது பீக்கருக்கு மேல் ஒரு சிக்கல் வந்தது. நம்ம மலைத் தண்ணீர் மென்நீர். வீட்டில் சோப்பு போட்டால் நுரை போகாதே, அந்தத் தண்ணீர். காரத்தன்மை குறைவு. ஒவ்வொரு மில்லிகிராம் ஆலமும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். கூடக்கூடப் போட்டால் பி.எச். சரிந்து, கட்டி சேர்வது நின்றுபோகும், அலுமினியமும் கரைந்து தண்ணீரோடு வரும். அதனால் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டோம். ஐந்தாவது பீக்கரில் செதில் செதிலாகச் சேர்ந்து இறங்கியது. பழுப்பு நிறம் அடியில் போய் உட்கார, மேலே நின்றதை வடிதாளில் வடித்து மீட்டரில் வைத்தோம். 87. ஆபரேட்டர் அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “கொள்ளாமே” என்று மெச்சினார்.

ஒரு விளக்கும் வாங்காமல், ஆலத்தையும் சுண்ணாம்பையும் சரியாகப் போட்டதிலேயே 78, 87 ஆனது. கலன் தயாரிப்பவர்கள் அதைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். எந்த ஓட்டத்தில், எந்த ஊடுருவலில் எவ்வளவு கதிர் படும் என்று உண்மையான நுண்ணுயிரை ஓடவிட்டுப் பார்த்த சான்று அது. அந்த எல்லைக்குக் கீழே ஊடுருவல் இறங்கிவிட்டால் விளக்கு எரியும், நீல வெளிச்சம் தெரியும், எதைக் கொன்றது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் சின்ன இயந்திரத்துக்கும் இது பொருந்தும். நாம் பார்க்கிற நீலம் வேறு, கொல்கிற ஒளி வேறு. கொல்கிறது நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு லாபமும் உண்டு. இலைச்சாறு உள்ள தண்ணீரில் குளோரின் போட்டால் குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹேலோமீத்தேன்கள் உருவாகும். ரோட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த யோஹன்னஸ் ரூக் 1974-இல் இதை வெளியிட்டபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. இலைச்சாற்றை ஆலத்திலேயே பிடித்துவிட்டால் அதுவும் குறையும், குளோரினும் வீணாகாது. அதனால் யு.வி. மேம்பாட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு ஆலம் தொட்டிக்கும் சுண்ணாம்புக் கலவைக்கும் போக வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். ஃபில்டர் மணல் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துவிட்டு, இரண்டாம் பங்கு அதற்கு. விளக்கு அப்புறம்.

ஆனால் நம்ம டெண்டர் முறையில் இதைச் சொல்வது கஷ்டம். 93 என்று எழுதினால் சின்னக் கலன் போதும், விலை குறையும். 80 என்று எழுதினால் விளக்கு எண்ணிக்கை ஏறும், கட்டடம் பெரிதாகும், மின்சாரக் கட்டணம் கூடும். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்னும்போது, ஏப்ரல் மாதிரியைக் கொண்டு வந்தவர்தான் ஜெயிப்பார். அவர் பொய் சொல்லவில்லை, அன்றைக்குத் தண்ணீர் அப்படித்தான் இருந்தது. கேட்டவர்கள்தான் ஜூனைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு முழம் இறக்கம்

விளக்கை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. வடிகட்டிக்குப் பிறகு, குளோரின் கலப்பதற்கு முன்பு என்பதுதான் நல்ல இடம். வடிகட்டாத தண்ணீரில் துகளுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும், குளோரின் கலந்த பிறகு வைத்தால் அதில் கொஞ்சத்தைக் கதிரே அழித்துவிடும். ஆனால் அந்த நிலையத்தில் வடிகட்டியிலிருந்து தெளிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் தானாகவே இறங்கிப் போகிறது. கட்டியவர்கள் பம்பு வேண்டாம் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள், நல்ல வேலை. நானும் இளம் பொறியாளர் ஒருவரும் மட்டம் பிடித்துப் பார்த்தோம். மொத்த இறக்கமே ஒரு முழம். கலனுக்குள் தண்ணீர் நுழைந்து வெளியேறுவதிலேயே அது செலவாகிவிடும். வடிகட்டியில் தண்ணீர் ஏறி நிற்கும். போதாததற்கு, கலனுக்கு முன்னால் நேர்க்குழாய் வேண்டும். முழங்கை வளைவிலிருந்து நேராக உள்ளே விட்டால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடி, ஒரு பகுதி விளக்கின் பக்கமே போகாமல் கடந்துவிடும்.

அறிக்கையில் இதற்குச் சொல்லியிருந்த வழி, ஊருக்கு ஏற்றுகிற பம்புக்குப் பிறகு அழுத்தக் குழாயில் கலனை வைப்பது. அங்கே இடம் உண்டு, அழுத்தமும் உண்டு. எனக்கு அதில் பயம். நம்ம ஊரில் கரண்டு போகிற விதம் எல்லோருக்கும் தெரியும். ஓடுகிற பம்பு சட்டென்று நின்றால் குழாயில் தண்ணீர் முன்னும் பின்னும் அடிக்கும். அந்த அடியில் விளக்கைச் சுற்றி இருக்கிற குவார்ட்ஸ் உறை உடைந்தால், உள்ளே இருக்கிற பாதரசம் போவது குடிதண்ணீரில். அளவு கொஞ்சம்தான், ஆனாலும் குழந்தைகள் குடிக்கிற தண்ணீர். கடைசியில் தெளிநீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, வடிகட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குழி எடுத்து வைக்கலாம் என்று எழுதினேன். தொட்டியின் கொள்ளளவு குறையும், அதையும் ஒப்புக்கொண்டுதான் எழுதினேன்.

ஒக்கி ராத்திரி

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். நம்ம மாவட்டத்தில் அந்தத் தேதியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசும்போது கரையில் இருந்த எங்கள் கஷ்டத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் இந்த விஷயத்துக்கு அது வேண்டும். எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற ரப்பர் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கரண்டு நாள்கணக்கில் இல்லை. மோட்டார் ஓடாது. அம்மா பரணிலிருந்து பழைய கயிறையும் வாளியையும் எடுத்துக் கொடுத்தாள். கப்பி துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது, தேங்காய் எண்ணெய் விட்டோம். கிணற்றுத் தண்ணீரே சாயா நிறத்தில் வந்தது. அதைச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தோம். 2021 நவம்பர் மழையிலும் ஏறக்குறைய இதே கதை.

அந்த நாளை மனதில் வைத்துக்கொண்டு அறிக்கையின் மின்சாரப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். மாற்று ஏற்பாடு: டீசல் ஜெனரேட்டர். சரி, ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடி ஆகும். ஆனால் பாதரச விளக்கு ஒரு தடவை அணைந்தால் திரும்பச் சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் வேண்டும். கரண்டு முழுசாகப் போகக்கூட வேண்டாம், வோல்டேஜ் ஒரு கண் சிமிட்டும் நேரம் கால் பங்கு இறங்கினாலே விளக்கு அணைந்துவிடும். அந்த நிமிடங்களில் தானாக இறங்கி ஓடுகிற தண்ணீர் நிற்காது. கதிர் படாமலே தொட்டிக்குப் போய்ச் சேரும். அமெரிக்க விதியில் இப்படிக் கணக்குத் தப்பிப் போகிற தண்ணீர் மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று எல்லை வைத்திருக்கிறார்கள். நம்ம மழைக்காலத்தில் ஒரு நாளில் எத்தனை தடவை வெளிச்சம் மினுங்குகிறது என்று அவரவர் வீட்டு ஃபேனைப் பார்த்தாலே தெரியும். ஆக, மோசமான தண்ணீரும் மோசமான கரண்டும் இங்கே ஒரே நாளில் வரும், இரண்டையும் கொண்டு வருவது ஒரே மழை. ஒன்றுக்கு ஒரு பக்கம், மற்றதுக்கு வேறு பக்கம் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டால் இரண்டுமே சரி என்றுதான் வரும். சேர்த்துப் போட்டால் வராது.

அதனால் விளக்குக்கு மட்டுமாவது யு.பி.எஸ். வேண்டும்; விளக்கு அணைந்தால் தானாகவே மூடுகிற வால்வு வேண்டும்; மூடியிருக்கும் நேரத்துக்குத் தொட்டியில் இருப்பு வேண்டும். மூட முடியாத நாள் வந்தால் குளோரின் அளவை எவ்வளவு கூட்டுவது, யார் உத்தரவிடுவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் போன் கிடைக்காது. ஒக்கியின்போது டவரும் வேலை செய்யவில்லை.

குழாயின் மறுமுனை

என் சித்தி மகள் நாகர்கோவிலில் இருக்கிறாள். விளக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, “அப்போ அந்தக் குளோரின் நாத்தம் இருக்காது இல்லியாக்கா?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன், அவள் முகம் வாடியது. கதிர் படுகிற இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும், தண்ணீரோடு கூடவே வராது. அவள் தெருவில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. வராத நாளில் குழாய் காலியாகக் கிடக்கும், பக்கத்தில் சாக்கடை ஓடும், இணைப்பு நைந்த இடத்தில் அது உள்ளே கசியும். அதைத் தடுக்கக் குழாயின் கடைசி வீடு வரைக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம்ம நாட்டு விதி. அப்புறம் சில வைரஸ்களுக்கும் குளோரின்தான் வேண்டும். வழக்கமாக விளக்கைக் கணக்கிடுவது 40 மில்லிஜூலுக்கு. அடினோவைரஸைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்க அமெரிக்கர்கள் கேட்பது 186. அங்கே குளோரின் சுலபமாகச் செய்துவிடுகிற வேலை அது. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். விளக்கு வந்துவிட்டது என்று குளோரினைக் குறைக்கிற நாள் வந்தால், விளக்கே வராமல் இருந்தது நல்லது என்பேன்.

சித்தி மகளிடம் இத்தனையும் சொல்லவில்லை. நாற்றம் குறையலாம், போகாது, அது இருக்கிற வரைக்கும் தைரியமாக இரு என்றேன். அவளுடைய மகனுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தான். எங்கே குடித்த தண்ணீரோ, யாருக்கும் தெரியாது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு அவள் இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். பதினோராவது பக்கத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது நோட்டு

என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதினேன். ஒரு வருடம், இரண்டு பருவமழையும் உட்படுகிற மாதிரி, தினமும் ஊடுருவல் அளந்த பிறகு கலனின் அளவை முடிவு செய்யலாம். அதுவரைக்கும் ஆலம், சுண்ணாம்பு, மணல் வேலையைத் தொடங்கலாம் என்பது என் சிபாரிசு. நல்ல திட்டத்தை இழுத்தடிக்கிறேன் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஒதுக்கிய பணம் மார்ச்சுக்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றார்கள். அந்தக் கவலையும் நியாயமானதுதான், எனக்கு அதற்குப் பதில் இல்லை. ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். ஆபரேட்டர் அண்ணனின் நீள நோட்டை அவர் அனுமதியோடு கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். கட்டன், கட்டன், கட்டன் என்று ஜூன் மாதத்தில் வரிசையாக இருந்ததை ஒரு மூத்த பொறியாளர் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு, மீட்டர் என்ன விலை என்று கேட்டார்.

இப்போது நிலையத்தில் ஒரு மீட்டர் இருக்கிறது. அண்ணனும் அவருக்கு அடுத்து வரப்போகிற பையனும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று எடுக்கிறார்கள். விளக்கு வந்த பிறகும் இவர்கள் கையில்தான் எல்லாம். குவார்ட்ஸ் உறையில் இரும்புப் படலம் பிடித்தால் துடைப்பது, 12,000 மணி நேரம் ஓடிய விளக்கைக் கணக்கு வைத்து மாற்றுவது, அலாரம் அடித்தால் அதை அணைத்துவிட்டுப் போகாமல் ஏன் அடிக்கிறது என்று பார்ப்பது. அந்தப் பையன் இப்போதே அளந்து பழகுவது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நிறத்தின் பெயர்களையும் அண்ணன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். புது நோட்டில் இன்னொரு பத்தியும் சேர்த்திருக்கிறார்கள், நான் சொல்லாமலே.

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு அண்ணனிடமிருந்து வாட்ஸப் வந்தது: “பால்சாயா. 86. ராத்திரி கரண்டு நாலு மட்டம் போச்சு.”